தெருவில் துணி கட்டிப் படம் போட எது சரி: காட்ஜில்லாவா, ஏலியனா, த திங்கா?

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஏரியா மன்றத்தின் சார்பில் பழைய அறிவியல் திகில் படம் ஒன்றைப் போட வேண்டும். கையில் இருப்பது ஒரு ப்ரொஜெக்டர், மைக்செட்காரரிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு பாக்ஸ், நூறு பிளாஸ்டிக் நாற்காலி. எந்தப் படம் போடலாம்?

‘சிறந்த பத்து’ பட்டியல்களை நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இருட்டான அறையில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து பார்க்கிறவருக்காக எழுதப்பட்டவை அவை. தெருவில் கண்டெய்னர் லாரி போகும், எல்.இ.டி. விளக்கு எரியும், முன்வரிசையில் ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அங்கே தேர்வு வேறு மாதிரி.

ஐம்பது, எழுபது வருஷம் கழித்தும் இந்தப் படங்கள் பிடித்து வைத்துக்கொள்வதற்குக் காரணம் ரப்பர் ராட்சதன் இல்லை. அவன் வருவதற்கு முன்னால் வரும் அரை மணி நேரம்தான். கூலித் தகராறு, கரை திரும்பாத படகு, திடீரென்று வேறு ஆளாகத் தெரியும் பக்கத்து வீட்டுக்காரர். உங்கள் கூட்டத்துக்கு அந்த அரை மணி நேரம் சொந்த விஷயமாகத் தெரிந்தால், அதற்குப் பிறகு வரும் ரப்பரையும் நம்புவார்கள். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. இந்த ஜனங்கள் ஏற்கெனவே எதற்குப் பயப்படுகிறார்கள்? போடும் இடம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு அமைதி?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பேரம் பேச முடியாது. 12 அடி அகலத்தில் 16:9 திரை கட்டினால் உயரம் 6¾ அடி, பரப்பு 81 சதுர அடி. தியேட்டரில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 14 முதல் 16 லூமென் அளவுக்கு வெளிச்சம் திரையிலிருந்து திரும்பி வரும். உண்மையிலேயே 2,000 ஆன்சி லூமென் (பொது அளவுமுறைப்படி அளந்த வெளிச்சம்) தரும் ப்ரொஜெக்டர் என்றால் உங்கள் திரைக்குச் சதுர அடிக்கு 25 கிடைக்கும். துணி கொஞ்சம் தின்றாலும் தாங்கும். அட்டைப்பெட்டியில் ‘9,000 லூமென்’ என்று அச்சடித்து வரும் மலிவு விலைப் பெட்டிகளில் ஆன்சி கணக்கு பெரும்பாலும் சில நூறுதான். 250 என்று வைத்துக்கொண்டால் சதுர அடிக்கு 3. அதில் படம் தெரியாது, நிழல்தான் தெரியும். வேறு ப்ரொஜெக்டர் கிடைக்காவிட்டால் திரையை 6 அடி அகலத்துக்குச் சுருக்குங்கள். பரப்பு 20 சதுர அடியாகி, வெளிச்சம் 12-க்கு ஏறிவிடும். பெரிய திரையில் மங்கலாகப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதைவிடச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. ராத்திரி ஏழரை மணிக்குத் திரை கட்டப்போகும் இடத்தில் நின்று தினத்தந்தியைப் பிரியுங்கள். தலைப்பு மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. உள்ளே இருக்கும் செய்தியைப் படிக்க முடிந்தால் ‘ஏலியன்’ படத்தை அந்த இடத்தில் போடவே கூடாது.

ஏன் என்றால், ரிட்லி ஸ்காட் 1979-இல் எடுத்த அந்தப் படம் கறுப்பை நம்பி எடுக்கப்பட்டது. எச்.ஆர். கீகர் வடிவமைத்த உயிரினத்தை முழுதாகக் காட்டும் நேரம் மிகக் குறைவு. குழாய்களுக்கு நடுவே அதுவும் ஒரு குழாய்போல ஒட்டிக் கிடக்கும். அசைந்த பிறகுதான் நமக்கு உறைக்கும். தெருவிளக்கு திரைமேல் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். அப்புறம் குழாயும் இல்லை, உயிரினமும் இல்லை. படத்தின் ஓசையும் இதே கதைதான். தண்ணீர் சொட்டுவது, சங்கிலி உரசுவது, காற்றுக்குழாயின் முனகல் என்று எல்லாமே மெல்லிய சத்தங்கள். எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தாலும் இவை காதில் விழாது.

இடம் மட்டும் ஒத்துவந்தால், வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தமான படம் குறைவு. அந்தக் கப்பலில் இருப்பவர்கள் வீரர்கள் இல்லை, ஏழு தொழிலாளிகள். இரண்டு கோடி டன் தாதுவையும் ஒரு சுத்திகரிப்பு ஆலையையும் இழுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். மணலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூங்கி எழுந்ததும் இன்ஜின் பகுதி ஆட்கள் இருவரும் கிளப்பும் முதல் பேச்சே பங்குத் தகராறு: மேல்தளத்து ஆட்களுக்கு முழுப்பங்கு, எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு? விசைப்படகில் பங்குக் கணக்கில் தொழிலுக்குப் போகிற எந்த ஆளும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். அடுத்து, தெரியாத சமிக்ஞையை ஏன் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, போகாவிட்டால் பங்கு மொத்தமும் போச்சு என்று பதில் வருகிறது. உயிரினம் கப்பலுக்குள் வருவதற்கு முன்னாலேயே அவர்களை விற்றாயிற்று. ஆட்கள் செத்தாலும் சரக்கு வந்தால் போதும் என்ற கம்பெனியின் உத்தரவு பின்னால் வெளிப்படும்போது, நம் ஊரில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் வராது. பயம் அங்கேதான் கனமாக இறங்கும்.

(மீன் வெட்டுகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: உயிரினத்தின் முதல் வடிவமாக வந்து ஒருவர் முகத்தைக் கவ்வும் பிராணி செத்த பிறகு அறுத்துப் பார்க்கும் காட்சியில், உள்ளுறுப்பாகக் காட்டியது சிப்பிச் சதையும் ஆட்டுக் கிட்னியும்தான். முன்வரிசையில் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.)

ஏலியன் ஓடும் நேரம் 117 நிமிஷம். ஒருவரின் மார்பைப் பிளந்துகொண்டு குட்டி உயிரினம் வெளியே வரும் புகழ்பெற்ற சாப்பாட்டு மேசைக் காட்சி ஏறக்குறைய சரிபாதியில் வருகிறது. அது முடிந்து, செத்தவரின் உடலை விண்வெளியில் விட்டதும் இண்டர்வெல் விடுங்கள். முன்னால் விட்டால் கூட்டம் சூடாவதற்குள் எழுந்து போகும். பின்னால் தள்ளினால் தேடுதல் வேட்டையின் இழுவை அறுந்துவிடும். மன்றத்தின் மூடிய ஹாலில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, முப்பது நாற்பது பேருக்கு, பெரியவர்களுக்கு மட்டும் போட வேண்டிய படம்.

ஜான் கார்ப்பெண்டரின் ‘த திங்’ 1982-இல் வந்தது, 109 நிமிஷம். அண்டார்டிகா முகாமில் பன்னிரண்டு ஆண்கள். யாரை வேண்டுமானாலும் தின்று அவராகவே மாறிவிடும் ஒரு ஜந்து. வந்த வருஷம் இது ஓடவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்து, அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டி உலகத்தையே மயக்கிவிட்டது. விமர்சகர்களும் அருவருப்பு என்று ஒதுக்கினார்கள். பிற்பாடு வீடியோ கேசட்டில்தான் படம் உயிர் பெற்றது. இன்றைக்குக் கேட்டால், வரிசையில் இதற்குத்தான் முதலிடம் என்று சொல்வோம். சொல்லிவிட்டு, தெருவில் போடாதீர்கள் என்றும் சொல்வோம்.

ராப் பாட்டின் என்ற ஒப்பனைக் கலைஞர் தன் இருபதுகளின் தொடக்க வயதில் உருவாக்கிய உருமாற்றங்கள் எல்லாமே ரப்பர், ஜெல்லி, கம்பி, கை வேலை. இன்றைய கணினி வரைகலையைவிட இது பயமுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நடிகரின் முகத்தில் விழும் அதே விளக்குதான் அந்தச் சதைமேலும் விழுகிறது. ஈரம் உண்மையான ஈரம். மார்பு பிளந்து டாக்டரின் கைகளைக் கடித்துத் துண்டிக்கும் காட்சிக்கு, கைகள் இல்லாத ஒருவருக்குச் செயற்கைக் கை பொருத்தி எடுத்தார்கள். அதனால்தான் வெட்டு எங்கே மறைகிறது என்று கண் கண்டுபிடிப்பதில்லை. பிள்ளைகள் இருக்கும் தெருவில் இதைப் போட்டால் மறுநாள் காலை தாய்மார்கள் மன்றத்து வாசலில் நிற்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

தொழில்நுட்ப வகையில் ‘த திங்’ ஏலியனைவிடச் சுலபம். வெளிப்புறம் முழுக்கப் பனி, வெள்ளை. சுமாரான ப்ரொஜெக்டரிலும் எடுபடும். என்னியோ மோரிகோனியின் இசை இதயத்துடிப்புபோல ஒரே பேஸ் தட்டலாக வரும். வாடகை பாக்ஸ்களுக்கு அதுதான் கைவந்த கலை. ஆனால் ஒலியைச் சமன்செய்யும்போது பேஸைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், கானா கச்சேரிக்கு வைத்த அளவிலேயே விட்டால் வசனம் மூழ்கிவிடும். பன்னிரண்டு பேரும் தாடியும் கம்பளிச் சட்டையுமாக ஒரே மாதிரி இருப்பார்கள். யார் யார் என்று பிடிபடாவிட்டால் படமே இல்லை. தொடங்குமுன் ஒரு நிமிஷம் மைக்கில் நான்கு பேரை மட்டும் சொல்லுங்கள்: மெக்ரெடி ஹெலிகாப்டர் ஓட்டுபவர், பிளேர் ஆராய்ச்சியாளர், சைல்ட்ஸ் மெக்கானிக், கிளார்க் நாய்களைப் பார்த்துக்கொள்பவர். அது போதும்.

இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. ஆரம்பக் காட்சியில் நார்வே நாட்டுக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு கத்துவார். படத்தில் அதற்கு மொழிபெயர்ப்பு கிடையாது, வேண்டுமென்றே விட்டது. இணையத்தில் கிடைக்கும் சில சப்டைட்டில் கோப்புகளில் ஆர்வக் கோளாறில் அதையும் மொழிபெயர்த்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரி மொத்த முடிச்சையும் முதல் பத்து நிமிஷத்தில் அவிழ்த்துவிடும். கோப்பை நோட்பேடில் திறந்து அந்த வரியை அழித்துவிடுங்கள். இண்டர்வெல்லை பிளேர் ரேடியோவை உடைத்து, அவரைத் தனியே அடைத்த பிறகு வையுங்கள். சூடான கம்பியை ரத்தத்தில் வைத்துச் சோதிக்கும் காட்சிக்கு நடுவில் மட்டும் கரண்ட் போகவே கூடாது.

இனி காட்ஜில்லா. ஹாலிவுட்டின் பின்னாளையப் பதிப்புகளைப் பார்த்துவிட்டு ‘அது சின்னப் பசங்க படம்’ என்று சிரிப்பவர்கள், இஷிரோ ஹோண்டா 1954-இல் எடுத்த ஜப்பானிய மூலத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். 96 நிமிஷம், கறுப்பு வெள்ளை. முதல் காட்சியே கடலில் ஒரு கப்பல். மேல்தளத்தில் ஆட்கள் ஓய்வாக உட்கார்ந்து பாட்டு வாசிக்கிறார்கள். தண்ணீர் திடீரென்று வெளிச்சமாகிக் கொதிக்கிறது. அடுத்து, தகவல் கேட்டு வீட்டார் கம்பெனி அலுவலகத்தை முற்றுகையிடுகிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் அதிகாரிகள் விழிக்கிறார்கள். புயலுக்குப் பிறகு காசிமேட்டுக் கரையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியில் சப்டைட்டில்கூட வேண்டாம். அதற்கும் அடுத்து, வலையில் மீனே விழாத ஒரு தீவு, அதற்குக் காரணம் சொல்லும் ஒரு கிழவர்.

இது கற்பனையிலிருந்து மட்டும் வந்ததல்ல. அதே 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 பேரோடு சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் கொட்டியது. படகின் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று படம் வெளிவந்தது. ஜப்பானியப் பார்வையாளர்கள் திரையில் பார்த்தது அந்த வருஷத்துச் செய்தித்தாளைத்தான். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா வாடை அடித்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியதையும் பார்த்த ஊருக்கு, கடலிலிருந்து எழுந்து வருவது எது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஒரே எச்சரிக்கை: 1956-இல் அமெரிக்கர்கள் வெட்டி ஒட்டிய பதிப்பும் புழக்கத்தில் இருக்கிறது. ஓடும் நேரம் 80 நிமிஷம். ரேமண்ட் பர் என்ற நடிகர் நிருபராக நுழைக்கப்பட்டிருப்பார். அணுகுண்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். நேரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 96 நிமிஷம் இல்லாத கோப்பைத் தொடாதீர்கள்.

தெருவுக்கு இது ஒத்துப்போவதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. மூல ஒலியே மோனோ. ஒரு பாக்ஸ் பழுதானாலும் எதையும் இழக்க மாட்டீர்கள். அக்கிரா இஃபுகுபேயின் இசை லாரி சத்தத்தைத் தாண்டி வரும். பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தளர்ந்த தந்தியை உரசி உருவாக்கிய அந்தக் கர்ஜனையைப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டுவார்கள். ரத்தம் கிடையாது. ஆனால் மருத்துவமனைக் காட்சி ஒன்றும், எரியும் நகரத்தில் தாய் ஒருத்தி பிள்ளைகளை அணைத்தபடி ‘அப்பாகிட்ட போயிடலாம்’ என்று சொல்லும் காட்சியும் உண்டு. சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. இன்னொரு சௌகரியம்: ஜப்பானிய மொழி அங்கே யாருக்கும் தெரியாது. ஆங்கிலப் படத்தில் புரிந்தவர் முதலில் சிரிப்பார், மற்றவர் பின்னால் சிரிப்பார். இங்கே எல்லோரும் ஒரே சமயத்தில் தமிழ் சப்டைட்டிலைப் படிக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளைக்கு என்று இரண்டு ஏற்பாடு. ப்ரொஜெக்டரில் ‘டைனமிக்’ மோட் போட்டால் படம் பச்சையடிக்கும். ‘சினிமா’ அல்லது ‘வார்ம்’ மோடுக்கு மாற்றுங்கள். வண்ணச் சக்கரம் சுழலும் டி.எல்.பி. வகைகளில் வெள்ளை விளிம்புகளில் வானவில்போலக் கீற்றுகள் பறப்பது சிலர் கண்ணுக்குப் படும். எல்.சி.டி. வகை கிடைத்தால் அதையே வாடகைக்கு எடுங்கள். படம் ஏறக்குறைய சதுரம் என்பதால் 12 அடித் திரையில் 9¼ அடிதான் நிறையும். பக்கவாட்டில் கறுப்பாகக் கிடக்கட்டும். இழுத்து அகலப்படுத்தினால் காட்ஜில்லாவுக்குத் தொப்பை விழும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்நாட்சர்ஸ்’ (1956, டான் சீகல், 80 நிமிஷம்) ஏறக்குறைய செலவே இல்லாத திகில். மாமா மாமாவாகவே இருக்கிறார், ஆனால் மாமா இல்லை, அவ்வளவுதான் கதை. ஹவுசிங் போர்டில் ஒரே படிக்கட்டைப் பத்துக் குடும்பம் பகிரும் இடத்தில் இது வேலை செய்யும். ஆனால் வசனம் நிறைய. ஓயாமல் படிக்க வேண்டும். படத்தின் தொடக்கமும் முடிவும் ஸ்டூடியோ வற்புறுத்திச் சேர்த்தவை, பயத்தை அவை நீர்த்துப்போகச் செய்கின்றன. 1978-இல் ஃபிலிப் காஃப்மன் எடுத்த மறுஆக்கத்தின் கடைசி அலறல் உலகத்தரம், ஆனால் படம் பெரியவர்களுக்கானது. க்ரோனன்பர்க்கின் ‘த ஃப்ளை’ (1986, 96 நிமிஷம்) மேக்கப்புக்கு ஆஸ்கர் வாங்கியது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அழுகுவதைக் கண்ணெதிரே பார்க்க வேண்டும். பக்கத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருந்தால் நஷ்டம் அவர்களுக்கு. 1931-இன் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 70 நிமிஷம், அழகான படம், ஆனால் இன்றைய கூட்டம் பயப்படாது, பரிதாபப்படும். நம்மூரில் 1963-இலேயே ‘கலை அரசி’ வேற்றுக்கிரகவாசியை இறக்கிவிட்டது. பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவது பாட்டுக் கற்றுக்கொள்ள என்பதாலும், மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர். என்பதாலும் யாருக்கும் பயம் வரவில்லை.

ஆக, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் எல்லா வயதினரும் கூடும் தெருவுக்குக் காட்ஜில்லா. மூடிய ஹால், பெரியவர்கள், நல்ல ப்ரொஜெக்டர் மூன்றும் அமைந்தால் ஏலியன். ஹால் இருந்து ப்ரொஜெக்டர் சுமார் என்றால் த திங். மூன்றில் எதை எடுத்தாலும் உரிமையாளரிடமோ இந்திய விநியோகஸ்தரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டில் பார்க்க வாங்கிய டிஸ்க்கும் ஓ.டி.டி. சந்தாவும் பொதுத் திரையிடலுக்குச் செல்லாது.

எந்தப் படமாக இருந்தாலும் சொதப்பும் இடங்கள் ஒன்றேதான். கடற்காற்று முதலாவது. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று 81 சதுர அடித் துணியைச் சுமார் 15 கிலோ விசையோடு தள்ளும். 40 ஆனால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 60 கிலோ. மேலே மட்டும் கட்டினால் துணி பாய்மரமாகிவிடும். நான்கு பக்கமும் கண்ணி போட்டு, பழைய சைக்கிள் டியூபை நறுக்கி நடுவில் கோத்துக் கட்டினால், காற்று அடிக்கும்போது கொடுத்து வாங்கும். திரையின் அடிப்பக்கம் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். அகலப் படங்களில் சப்டைட்டிலைக் கீழே உள்ள கறுப்புப் பட்டையில் போடுவது வழக்கம். தெருவில் அதைச் செய்யாமல் படத்தின் மேலேயே போடுங்கள்.

தமிழ் எழுத்துகள் பல ப்ரொஜெக்டர்களின் உள்ளேயே இருக்கும் யு.எஸ்.பி. பிளேயரில் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயர் வழியாக ஓட்டுங்கள், சப்டைட்டில் கோப்பின் எழுத்துக் குறியீடு யு.டி.எஃப்-8 ஆகவும், எழுத்துரு நிர்மலாவாகவும் இருந்தால் பிரச்சினை வராது. எழுத்து 4 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. சப்டைட்டில் முந்தினாலோ பிந்தினாலோ ஜி, எச் விசைகள். ஒலி உதட்டோடு சேராவிட்டால் ஜே, கே. புளூடூத்தில் பாக்ஸை இணைத்தால் ஒலி உதட்டுக்குப் பிந்தும், ஒயர் போடுங்கள். வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தால் கோப்பு 5.1 ஒலியில் இருக்கிறது, நடுச் சேனல் விழுகிறது என்று அர்த்தம். ஸ்டீரியோவாகக் கலக்கும்படி அமைப்பை மாற்றினால் சரியாகும்.

திறந்தவெளியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை. மே மாதத்தில் ஏழேகால் மணிக்குத் தொடங்கினால் காட்ஜில்லா ஒன்பதுக்குள் முடியும். இன்வெர்ட்டர் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 150 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி, நம்பி எடுக்கக்கூடியது அதில் பாதி. ப்ரொஜெக்டர் 300, ஆம்ப் 200, லேப்டாப் 60 என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். படம் முழுக்க அதை நம்பி ஓட்ட முடியாது, இடையில் போகும் கரண்டுக்குத்தான் அது. இன்வெர்ட்டரை ‘யு.பி.எஸ்.’ மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் மாறும் கணத்தில் ப்ரொஜெக்டர் அணைந்துவிடும். லாம்ப் வகை அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும்; ஐந்து நிமிஷம் தெரு முழுக்க விசிலடிக்கும்.

காட்ஜில்லாவின் உச்சக்கட்டம் தண்ணீருக்கடியில், மெல்லிய இசை தவிர ஏறக்குறைய சத்தமே இல்லாமல் போகும். பாக்ஸ் போய்விட்டது என்று நினைத்து மைக்செட்காரர் ஓடிவந்து வால்யூமைத் திருகுவார். அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.